வேலை அனுமதியும் ஆங்கிலமும் இன்றி வேலை தேடுவோர் அறிந்திருக்க வேண்டியவை

சிட்னியின் மேற்குப் புறநகர்களான வென்ட்வேர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி, வெஸ்ட்மீட் ஆகிய இடங்களுக்குப் புதிதாக வந்து சேரும் தமிழர்கள், தங்குவதற்கு ஓர் அறை கிடைத்தவுடன் தேடத் தொடங்குவது வேலையைத்தான். வாடகை வாரந்தோறும் கட்ட வேண்டியது. ஊரில் உள்ள குடும்பமும் பணத்தை எதிர்பார்த்திருக்கும். இந்நிலையில், "வேலை செய்ய அனுமதி இல்லை, ஆங்கிலமும் வராது" என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்லி, கிடைத்த வேலையைக் கொடுத்த கூலிக்கு ஏற்றுக்கொள்வோர் பலர். கூலி குறைந்தாலும், கிடைக்காமலே போனாலும், "எமக்கு முறையிட உரிமை இல்லை" என்று அவர்கள் மௌனமாக இருந்துவிடுவதும் உண்டு.

இங்கு மூன்று வெவ்வேறு விடயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. வேலை அனுமதி என்பது விசா சார்ந்தது. அது இல்லாதபோது கோருவதற்குச் சிலருக்கு வழி உண்டு. ஆங்கிலம் என்பது கற்றுக்கொள்ளக்கூடியது. கற்கும் வரை உரைபெயர்ப்பாளரின் உதவியைப் பெறலாம். செய்த வேலைக்குக் கூலி பெறும் உரிமையோ இவ்விரண்டையும் சார்ந்ததன்று. அனுமதி இல்லாதவருக்கும் ஆங்கிலம் அறியாதவருக்கும் அவ்வுரிமை உண்டு. இம்மூன்றையும் பிரித்தறிந்துகொள்வது வேலை தேடும் ஒருவரைப் பெரும் இழப்பிலிருந்து காக்கும்.

முதற்படி: விசா என்ன சொல்கிறது?

ஒருவருக்கு வேலை அனுமதி உண்டா, இல்லையா என்பதை நண்பரோ உறவினரோ முதலாளியோ தீர்மானிக்க முடியாது. ஒரே பெயரைக் கொண்ட விசாவை வைத்திருக்கும் இருவருக்கு வெவ்வேறு நிபந்தனைகள் விதிக்கப்பட்டிருக்கலாம். எனவே ஒவ்வொருவரும் தம் விசாவின் நிபந்தனைகளைத் தாமே பார்த்தறிய வேண்டும். இதற்கு உள்நாட்டலுவல்கள் திணைக்களம் நடத்தும் 'வீவோ' என்னும் இணையச் சேவை உண்டு. கடவுச்சீட்டு அல்லது இம்மிகார்ட் இலக்கத்தைக் கொண்டு இதனைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். விசா வழங்கப்பட்டபோது வந்த கடிதத்திலும் இந்நிபந்தனைகள் எண்களாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

அவ்வெண்களுள் முக்கியமானது 8101. இது குறிக்கப்பட்டிருந்தால் அவுஸ்திரேலியாவில் எவ்வித வேலையும் செய்ய முடியாது. சுற்றுலா விசாவில் வருவோருக்கு வழக்கமாக விதிக்கப்படுவது இதுவே. மாணவர் விசாவில் உள்ள 8105 என்னும் நிபந்தனை, படிப்பு நடைபெறும் காலத்தில் இரு வாரங்களுக்கு 48 மணி நேரம் வரை வேலை செய்ய அனுமதிக்கிறது. படிப்பு தொடங்குவதற்கு முன் வேலை செய்ய அது இடமளிப்பதில்லை. தொழில்வழங்குநரின் அனுசரணையில் வந்தவர்கள் பொதுவாக அத்தொழில்வழங்குநரிடமே வேலை செய்ய வேண்டும். எனினும் 2024 ஜூலை 1 முதல், 482 விசாவில் உள்ளவர்கள் அந்த வேலையை விட்டு விலகினால் புதிய அனுசரணையாளரைத் தேட ஒரு தடவைக்கு 180 நாட்கள் வரை அவகாசம் உண்டு.

பலர் தவறும் இடம் ஒன்றுண்டு. சுற்றுலா விசாவில் வந்த ஒருவர், இங்கிருந்தபடியே வாழ்க்கைத்துணை விசாவுக்கோ பாதுகாப்பு விசாவுக்கோ விண்ணப்பிக்கும்போது அவருக்குப் 'பிரிட்ஜிங்' விசா எனப்படும் இடைக்கால விசா வழங்கப்படலாம். அதில் வேலை உரிமை இருப்பதைக் கண்டவுடன் அவர் மறுநாளே வேலைக்குச் சென்றுவிடக்கூடும். ஆனால் அவரது சுற்றுலா விசா காலாவதியாகும் வரை பிரிட்ஜிங் விசா நடைமுறைக்கு வருவதில்லை. அதுவரை 8101 என்னும் தடையே அவரைக் கட்டுப்படுத்தும். கடிதத்தில் உள்ள விசாவின் பெயரைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அது எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்பதையும் வீவோவில் பார்க்க வேண்டும்.

எது வேலை எனப்படும்?

குடிவரவுச் சட்ட விதிகளின்படி, அவுஸ்திரேலியாவில் வழக்கமாக ஊதியம் வழங்கப்படும் எந்தச் செயலும் வேலையே. அச்செயலுக்கு ஒருவர் உண்மையில் பணம் பெற்றாரா என்பது கேள்வியன்று. ஆகவே, கடையில் நாள் முழுவதும் நின்று சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் மட்டும் பெறுபவரும் வேலை செய்பவரே. பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த பாட்டி, தம் மகளின் குழந்தையைக் கவனித்துக்கொள்வது குடும்பச் செயல். அவரே அயல்வீட்டுப் பிள்ளைகளை வாரந்தோறும் பணத்துக்குப் பார்த்துக்கொண்டால் அது வேலையாகிவிடும்.

ஏ.பி.என் எனப்படும் வணிக இலக்கம் ஒரு வேலை அனுமதி என்று எண்ணுவது மற்றொரு தவறு. அது வரி நடைமுறைக்கான இலக்கம் மட்டுமே. 8101 நிபந்தனை உள்ள ஒருவர் ஏ.பி.என் பெற்றுக்கொண்டு உணவு விநியோகமோ துப்புரவுப் பணியோ செய்தாலும் அது நிபந்தனை மீறலே. வேறொருவரின் பெயரில் உள்ள விநியோகக் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓடுவது இன்னும் ஆபத்தானது. விபத்து நேர்ந்தால் காப்புறுதி கேள்விக்குள்ளாகும். வருமானம் கணக்கின் உரிமையாளர் கைக்கே முதலில் செல்லும்.

தொண்டுப் பணி இதிலிருந்து வேறுபட்டது. ஆலயத் திருவிழாவில் உதவுவது, சமூக அமைப்பொன்றின் உணவு வழங்கலில் பங்கெடுப்பது போன்ற, பொதுவாக எவரும் ஊதியம் பெற்றுச் செய்யாத பணிகள் உண்மையான தொண்டு எனக் கொள்ளப்படும். "முதல் மூன்று மாதம் தொண்டாகச் செய்யுங்கள், பிறகு சம்பளம்" என்று ஒரு வியாபார நிறுவனம் கூறினால் அது தொண்டன்று.

அனுமதி கோரும் வழி

பிரிட்ஜிங் விசாவில் 8101 நிபந்தனை விதிக்கப்பட்டுள்ள சிலர், வேலை அனுமதியுடன் கூடிய புதிய பிரிட்ஜிங் விசாவைக் கோரி விண்ணப்பிக்கலாம். இதற்கு, வேலை செய்ய வேண்டிய கட்டாயத் தேவை இருப்பதைக் காட்ட வேண்டும். நியாயமான வாழ்க்கைச் செலவு ஒருவரது செலுத்தும் ஆற்றலை மிஞ்சுகிறது என்பதே இக்கட்டாயத் தேவையின் பொருள். "எனக்குப் பணக் கஷ்டம்" என்ற ஒரு வரி போதாது. வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு அறிக்கைகள், மின்சாரம் மற்றும் தொலைபேசிக் கட்டணச் சீட்டுகள், மருத்துவச் செலவுச் சீட்டுகள், இதுவரை உதவிவந்த உறவினர் இனி உதவ இயலாமையை விளக்கும் கடிதம் ஆகியவற்றை இணைப்பது நன்று. மாத வரவையும் செலவையும் ஒரே தாளில் எதிரெதிரே எழுதிக் காட்டினால் அதிகாரிக்கு நிலைமை எளிதில் விளங்கும்.

பிரிட்ஜிங் ஏ விசாவுக்கு அரசு கட்டணம் அறவிடுவதில்லை. முகவர் ஒருவர் "விண்ணப்பக் கட்டணம்" எனப் பணம் கேட்டால் அது எதற்கென வினவ வேண்டும். பிரிட்ஜிங் ஈ விசாவில் உள்ளவர்களுக்கு மேலதிக நிபந்தனைகள் உள்ளன. 2012, 2013 ஆம் ஆண்டுகளில் படகு மூலம் வந்து, பாதுகாப்புக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட பின்னரும் இந்நாட்டில் பிரிட்ஜிங் விசாவில் வாழ்ந்துவரும் தமிழர்கள் இவ்வகையில் அடங்குவர். அவர்கள் சட்ட ஆலோசனை பெறாமல் எந்தப் படிவத்தையும் அனுப்பாதிருப்பது நல்லது. அகதிகளுக்கும் புகலிடம் கோருவோருக்கும் இலவசச் சட்ட உதவி வழங்கும் 'ராக்ஸ்' என்னும் அகதிகள் ஆலோசனைச் சேவை சிட்னியில் இயங்குகிறது.

விசா முடியும் நாளைக் குறித்து வைத்திருப்பதும் அவசியம். பிரிட்ஜிங் விசா காலாவதியாகி அடுத்தது வழங்கப்படாத இடைவெளியில் வேலை உரிமையும் இருக்காது.

அனுமதி கிடைக்கும் வரை

விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருக்கும் காலம் நீண்டதாக அமையக்கூடும். அக்காலத்தில் உணவுக்கும் வாடகைக்கும் வழியின்றித் தவிப்பவர்கள், அனுமதியற்ற வேலையைத் தவிர வேறு வழியில்லை என்று முடிவு செய்வதற்கு முன் உதவி அமைப்புகளை நாட வேண்டும். நியூடவுனில் உள்ள அசைலம் சீக்கர்ஸ் சென்டர், மேற்குச் சிட்னியில் பணியாற்றும் ஜெசுயிட் அகதிகள் சேவை ஆகியவை புகலிடம் கோருவோருக்கு உணவுப் பொருட்கள், அவசர உதவி, வழிகாட்டல் ஆகியவற்றை வழங்குகின்றன. அசைலம் சீக்கர்ஸ் சென்டர், வேலை அனுமதி உள்ளவர்களுக்கு வேலை தேடுவதிலும் உதவுகிறது.

இக்காலத்தை ஆயத்தக் காலமாகவும் பயன்படுத்தலாம். ஊரில் செய்த தொழிலின் சான்றிதழ்களை அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் மூலம் ஆங்கிலத்தில் பெற்று வைத்தல், முன்னைய வேலைகளை ஆண்டு வாரியாக எழுதி வைத்தல், ஆங்கிலம் கற்றல் ஆகியவை அனுமதி வந்த நாளிலேயே பயன்தரும்.

ஆங்கிலம் அறியாதோர் வேலை தேடுதல்

வேலை அனுமதி உள்ளவர், சிறிதளவு ஆங்கிலத்துடன் தொடங்கக்கூடிய வேலைகள் இப்பகுதியில் பல உண்டு. பொருட்கிடங்கில் பொதியிடுதல், அலுவலகத் துப்புரவு, உணவகச் சமையலறை, உணவு தயாரிக்கும் தொழிற்சாலை, சலவை நிலையம் ஆகியவை அவற்றுள் சில. ஆனால் எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. கட்டுமானத் தளத்தில் கால் வைப்பதற்கே 'வைட் கார்ட்' என்னும் பாதுகாப்புப் பயிற்சி அட்டை வேண்டும். அப்பயிற்சி ஆங்கிலத்தில் நடைபெறும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதற்கும் பயிற்சியும் உரிமமும் வேண்டும். உரிமமின்றி ஓட்டச் சொல்லும் முதலாளி, தொழிலாளியின் உயிரை மட்டுமன்றி அருகில் நிற்பவர்களின் உயிரையும் ஆபத்தில் தள்ளுகிறார்.

தமிழே தகுதியாகும் வேலையும் உண்டு. முதுமையில் கற்ற ஆங்கிலத்தை மறந்து தாய்மொழியில் மட்டும் பேசும் முதியோர் தமிழ்க் குடும்பங்களில் உள்ளனர். அவர்களைக் கவனிக்கத் தமிழ் பேசும் பராமரிப்பாளர் தேவைப்படுகின்றனர். இதற்குரிய பயிற்சியை முடிப்பதற்கும் மருந்து, விபத்து போன்றவற்றைப் பதிவு செய்வதற்கும் நடைமுறை ஆங்கிலம் வேண்டியிருப்பதால், ஆங்கில வகுப்பும் இவ்வழியின் ஒரு பகுதியாகவே அமையும்.

ஆங்கிலம் கற்பதற்கான முதன்மைத் திட்டம் ஏ.எம்.இ.பி எனப்படும் வயதுவந்த குடியேறியோருக்கான ஆங்கில வகுப்பு. நிரந்தர விசா உள்ளோருக்கும் சில தற்காலிக விசாக்களில் உள்ளோருக்கும் இது இலவசம். முன்னர் 510 மணி நேரம் என்றிருந்த வரம்பு 2021 இல் நீக்கப்பட்டது. பள்ளி செல்லும் வயதை எட்டாத பிள்ளைகளை, வகுப்பு நேரத்தில் கட்டணமின்றிப் பராமரிக்கும் ஏற்பாடும் உண்டு. சிறு குழந்தைகளை வைத்திருக்கும் தாய்மார் பலர் இதனை அறியாமலே ஆண்டுகளைக் கழித்துவிடுகின்றனர். ஏ.எம்.இ.பி-க்குத் தகுதி பெறாத புகலிடக் கோரிக்கையாளர்கள், டேஃப் நிறுவனங்களில் மாநில அரசின் கட்டண விலக்குடன் படிக்க முடியுமா என விசாரிக்கலாம். சபையின் நூலகங்களில் ஆங்கில உரையாடல் வகுப்புகள் குறித்துக் கேட்டறியலாம்.

கற்கும் வரை, 131 450 என்ற எண்ணில் டிஸ் நேஷனல் என்னும் உரைபெயர்ப்புச் சேவையை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். 1973 இல் தொடங்கிய இச்சேவையில் தமிழ் உரைபெயர்ப்பாளர் உள்ளனர். அழைத்தவுடன் "டமில்" என்ற ஒரு சொல்லைக் கூறிக் காத்திருந்தால் போதும். உரைபெயர்ப்பாளர் இணைந்ததும், பேச வேண்டிய அரசு அலுவலகத்தின் பெயரைச் சொன்னால் இணைத்துத் தரப்படும். வேலைப் பிரச்சினை, சம்பளம், விசா ஆகியவற்றைப் பேசுவதற்குப் பிள்ளைகளை மொழிபெயர்க்கச் செய்வது தவிர்க்கப்பட வேண்டும். பெற்றோரின் அச்சத்தைப் பிள்ளை சுமக்க நேரிடும். தவறான மொழிபெயர்ப்பால் உரிமையும் இழக்கப்படலாம்.

வேலைத்தளப் பாதுகாப்பு அறிவுறுத்தல்களைத் தொழிலாளிக்குப் புரியும் வகையில் வழங்குவது, இயன்றவரையில் தொழில்வழங்குநரின் சட்டப் பொறுப்பு. புரியாத தாளில் கையொப்பமிடும்படி கேட்டால், "புரியவில்லை" என்று சொல்வது குற்றமன்று. உடனடி ஆபத்து உண்டென நியாயமாகக் கருதும் வேலையைச் செய்ய மறுக்கும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு.

அனுமதியின்றி ஏற்கனவே வேலை செய்தவரின் நிலை

விசா நிபந்தனையை மீறி வேலை செய்வது விசா இரத்துச் செய்யப்படக் காரணமாகலாம். இது உண்மையான ஆபத்து. எதிர்கால விண்ணப்பங்களையும் அது பாதிக்கக்கூடும். ஆனால் அந்த ஆபத்தைக் காட்டிக் கூலியைப் பறிக்கும் உரிமை எந்த முதலாளிக்கும் இல்லை. 2023 இல் செய்யப்பட்ட திருத்தம், ஒருவரது குடிவரவு நிலை எதுவாயினும் ஃபேர் வேர்க் சட்டம் எனப்படும் தொழிற்சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு உண்டு என்பதைத் தெளிவாக்கியது. 2024 ஜூலை 1 முதல், விசா நிபந்தனையை மீறும்படி தொழிலாளியை வற்புறுத்துவதும், விசாவைக் காட்டி அச்சுறுத்திச் சுரண்டலை ஏற்கச் செய்வதும் குற்றங்கள். அவற்றுக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். 2025 ஜனவரி 1 முதல், வேண்டுமென்றே ஊதியத்தைக் குறைத்து வழங்குவதும் நாடு தழுவிய சட்டத்தின் கீழ் குற்றமாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். உணவகமொன்றில் ஒருவர் வாரத்துக்கு 50 மணி நேரம், மணிக்கு 12 டொலர் வீதம், கையில் பணமாகப் பெற்று வேலை செய்கிறார். வாரத்துக்கு 600 டொலர். 2025 ஜூலை 1 முதல் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டொலர். நிரந்தரமற்ற தொழிலாளிக்கு 25 சதவீதம் கூட்டினால் 31.19 டொலர். அதன்படி 50 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1,560 டொலர் வர வேண்டும். ஒவ்வொரு வாரமும் அவர் இழப்பது ஏறத்தாழ 960 டொலர். ஆறு மாதங்களில் அது 24,000 டொலரைத் தாண்டும். வார இறுதிக்கும் மேலதிக நேரத்துக்கும் உரிய கூடுதல் ஊதியம் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. இவ்வூதியம் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று மாற்றப்படுவதால், நடப்பிலுள்ள தொகையை விசாரித்தறிய வேண்டும்.

அந்த முதலாளி ஒரே ஊரவராகவும் இருக்கலாம். வந்த புதிதில் அறை பார்த்துக் கொடுத்தவராகவும், "தம்பி" என்று அன்பாக அழைப்பவராகவும் இருக்கலாம். அதனாலேயே கேட்கத் தயங்குவோர் பலர். நன்றிக்கடன் வேறு, கூலி வேறு. உதவி செய்தவருக்கு நன்றி செலுத்தப் பல வழிகள் உண்டு. உழைத்த கூலியை விட்டுக்கொடுப்பது அவற்றுள் ஒன்றன்று.

கையில் பணமாகச் சம்பளம் தருவது தன்னளவில் சட்டவிரோதமன்று. சம்பளச் சீட்டுத் தராமலிருப்பதே சட்டவிரோதம். சம்பளம் வழங்கிய ஒரு வேலை நாளுக்குள் அச்சீட்டைத் தர வேண்டும். வேலை தெரியுமா என்று பார்ப்பதற்கு வேண்டிய குறுகிய நேரத்துக்கு மேற்பட்ட சோதனை வேலைக்கும் ஊதியம் உண்டு. சம்பளத்தை வங்கியில் இட்டுவிட்டு ஒரு பகுதியைத் திரும்பக் கேட்பது கூடாது. சம்பளத்துக்கு மேலதிகமாக 12 சதவீதம் 'சுப்பர்' எனப்படும் ஓய்வூதிய நிதிக்குச் செலுத்தப்பட வேண்டும். தற்காலிக விசாவில் இருந்தவர் நாட்டை விட்டு நிரந்தரமாகச் செல்லும்போது அதனைக் கோரிப் பெறலாம்.

முறையிட்டால் விசா போய்விடும் என்ற அச்சத்துக்கும் ஓரளவு தீர்வு உண்டு. 2024 ஜூலையில் சோதனைத் திட்டமாகத் தொடங்கிய ஏற்பாட்டின்படி, வேலைத்தளச் சுரண்டலுக்கு உள்ளானவர் என ஃபேர் வேர்க் ஒம்பட்ஸ்மன் அலுவலகமோ அங்கீகரிக்கப்பட்ட சட்ட மையமோ தொழிற்சங்கமோ சான்றளித்தால், வேலை தொடர்பான நிபந்தனையை மீறியமைக்காக மட்டும் விசா இரத்துச் செய்யப்படாதவாறு பாதுகாப்புப் பெற முடியும். இனிமேல் நிபந்தனைகளுக்கு உட்பட்டு நடப்பதாக அவர் உறுதியளிக்க வேண்டும். இப்பாதுகாப்பு எல்லோருக்கும் எல்லா நிலையிலும் கிடைப்பதன்று. எனவே, முறையீட்டை அனுப்புவதற்கு முன் சட்ட ஆலோசனை பெறுவதே சரியான ஒழுங்கு. சிட்னியில் ரெட்ஃபர்ன் சட்ட மையம் இத்தகைய விடயங்களில் இலவச ஆலோசனை வழங்குகிறது.

வேலையில் காயமடைந்தால்

அனுமதியின்றி வேலை செய்யும் ஒருவர் காயமடைந்தால், "மருத்துவமனையில் வேலையிடத்தின் பெயரைச் சொல்லாதே, வீட்டில் விழுந்ததாகச் சொல்" என்று அறிவுறுத்தப்படுவதுண்டு. இது பின்னர் திருத்த முடியாத இழப்பை உண்டாக்கும். நியூ சவுத் வேல்ஸில், ஒப்பந்தம் சட்டத்துக்கு முரணானது என்ற காரணத்தால் மட்டும் இழப்பீட்டுக் கோரிக்கை தானாகவே தள்ளுபடியாவதில்லை. அதனைச் செல்லுபடியானதாகக் கொள்ளும் அதிகாரம் சட்டத்தில் உண்டு. மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி கூற வேண்டும். தொழில்வழங்குநருக்கு இயன்றவரை விரைவில், குறுஞ்செய்தி மூலமாவது, எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கோரிக்கையைப் பொதுவாக ஆறு மாதங்களுக்குள் முன்வைக்க வேண்டும்.

பணம் கேட்கும் இடைத்தரகர்கள்

மொழி அறியாதவரைச் சுற்றி இடைத்தரகர் கூடுவது எங்கும் உள்ள வழக்கம். குடிவரவு ஆலோசனை வழங்கப் பதிவு பெற்ற குடிவரவு முகவருக்கும் சட்டத்தரணிக்கும் மட்டுமே அனுமதி உண்டு. முகவருக்கு ஏழு இலக்கப் பதிவு எண் இருக்கும். அதனை அரசின் பதிவேட்டில் சரிபார்க்கலாம். விசா அனுசரணைக்காகப் பணம் கேட்பதும் பெறுவதும் 2015 டிசம்பர் முதல் குற்றமாகும். பணம் கொடுத்தவரின் விசாவும் பாதிக்கப்படலாம். வரிக் கோப்பு இலக்கம் அரசால் இலவசமாக வழங்கப்படுகிறது. அதற்குப் பணம் கேட்பவரை நாட வேண்டியதில்லை. கடவுச்சீட்டை "பாதுகாப்பாக வைத்துக்கொள்கிறேன்" என்று கேட்கும் எவரிடமும் அதனைக் கொடுக்கக்கூடாது.

சான்றுகளைச் சேர்த்து வைத்தல்

வேலை தொடங்கும் முதல் நாளிலிருந்தே ஒரு சிறு குறிப்பேடு வைத்திருப்பது பெரும் பயன் தரும். நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடைவேளை, பெற்ற பணம் ஆகியவற்றை அன்றன்றே எழுத வேண்டும். அது தமிழில் இருந்தாலும் சான்றே. வேலை அட்டவணையின் படம், முதலாளி அனுப்பிய குறுஞ்செய்திகள், வேலை உடையின் படம், உடன் வேலை செய்தவர்களின் பெயர்கள் ஆகியவையும் காக்கப்பட வேண்டும். ஊதிய நிலுவையை ஆறு ஆண்டுகள் வரை கோரலாம். ஆனால் வேலையிலிருந்து நியாயமற்ற முறையில் நீக்கப்பட்டதற்கு எதிரான விண்ணப்பத்துக்கு 21 நாட்களே உண்டு. நீக்கப்பட்ட அன்றே ஆலோசனை பெற வேண்டும்.

தொடர்பு எண்கள்

உரைபெயர்ப்புச் சேவை, டிஸ் நேஷனல்: 131 450
ஊதியம், சம்பளச் சீட்டு, முறையீடு, ஃபேர் வேர்க் ஒம்பட்ஸ்மன் அலுவலகம்: 13 13 94
வேலைத்தளப் பாதுகாப்பு, சேஃப்வேர்க் என்.எஸ்.டபிள்யூ: 13 10 50
பொதுச் சட்டத் தகவல், லோஅக்சஸ் என்.எஸ்.டபிள்யூ: 1300 888 529
உயிர் ஆபத்து, அவசர உதவி: 000

ஆங்கிலம் பேசத் தயங்குவோர் முதலில் 131 450 ஐ அழைத்து, அதன் மூலம் மற்ற எண்களைப் பெறலாம். 000 ஐ மட்டும் நேரடியாக அழைக்க வேண்டும். அங்கும் உரைபெயர்ப்பாளர் ஏற்படுத்தித் தரப்படுவார்.

இங்கு கூறப்பட்டவை பொதுவான தகவல்கள். ஒவ்வொருவரின் விசாவும் சூழலும் வேறுபடுவதால், தம் நிலைக்குரிய ஆலோசனையைப் பெற்ற பின்னரே முடிவெடுக்க வேண்டும். இதனை வாசிப்பவருக்கு வேலை அனுமதி இருக்கலாம். அவரது வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருப்பவருக்கோ அவருடன் வேலை செய்பவருக்கோ அது இல்லாதிருக்கலாம். இப்பக்கத்தை அவரிடம் கொடுப்பதும், முதல் அழைப்பின்போது அருகில் அமர்ந்திருப்பதும் அவருக்குப் பேருதவியாக அமையும்.